எல்லை கடந்த மாணவனும் கல்லூரி வாயிலும்



தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களிற் சில, இடம் தேடித் தானே கடற்கழியின் கீழ்க்கரைக்குப் பெயர்ந்திருக்கின்றன. அப்படிக் குடியேறிய இடங்களுள் ஐரோலியும் ஒன்று. முலுண்டுப் பாலமும், 2004-இல் தானே வழியே ஓடத் தொடங்கிய பயணிகள் ரயிலும் அவ்வூரை மும்பையோடு நெருக்கிவிட்டன. அங்கே ஒரு வீட்டில், அந்தக் குடும்பத்திலேயே முதன்முதலாக ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புத் தேறிக் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுத உட்காருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

"ஜாதிச் சான்றிதழ் ஊரில் வாங்கி வைத்திருக்கிறோம், அதைக் காட்டினால் இடம் கிடைத்துவிடும்" என்று தந்தை சொல்லுவார். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும்?

1985-ஆம் ஆண்டில் இக்கேள்வி இதே மும்பையில் எழுந்தது. ஆந்திரத்துத் தெனாலியிற் பிறந்த மாணவர் ஒருவர், மத்திய அரசின் உர நிறுவனத்தில் வேலை பார்த்த தம் தந்தையுடன் சிறு வயதிலேயே இங்கு வந்தவர். இங்கேயே பன்னிரண்டாம் வகுப்புத் தேறி மருத்துவக் கல்லூரியில் இடம் கோரினார். அவருடைய சமூகம் ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில் இருந்தது. மகாராஷ்டிரத்தில் அந்த ஒதுக்கீட்டில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்தின் அரசியற்சாசன அமர்வு வரை சென்றது. 1990-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அரசியற்சாசனத்தின் 341, 342-ஆம் பிரிவுகள் இப்பட்டியல்களை "அந்தந்த மாநிலத்தைப் பொறுத்து" வகுத்திருக்கின்றன. ஆகையால் ஒரு மாநிலத்தின் பட்டியல் உரிமை, குடிபெயர்ந்தவருடன் மற்றொரு மாநிலத்துக்குள் வருவதில்லை என்பதே அதன் சாரம். 1994-இலும் 2018-இலும் அந்நீதிமன்றம் இந்த நெறியையே மாநில அளவில் மீண்டும் உறுதி செய்தது.

இதில் நியாயம் இல்லாமலில்லை. மகாராஷ்டிரத்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கென வைத்த பங்கு, வெளியிலிருந்து வருவோரால் குறைந்துவிடக் கூடாது அல்லவா? ஆயினும் மறுபக்கமும் உண்டு. தீண்டாமையின் தழும்பு மனிதனோடு ரயிலேறி வந்துவிடுகிறது. அதற்கு மருந்தான சலுகை மட்டும் எல்லை நிலையத்திலேயே இறங்கிவிடுகிறது. இந்த முரண்பாடு இன்னும் தீரவில்லை.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு மிகப் பழங்காலத்திலேயே வந்தவர்கள் பலர். அத்தகைய குடும்பம் 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாளுக்கு முன்பே இந்த மண்ணில் நிலையாக வாழ்ந்தது என்று காட்ட முடியுமானால், அச்சமூகத்தின் பெயர் மகாராஷ்டிரப் பட்டியலிலும் இருக்குமானால், இங்கேயே தாழ்த்தப்பட்டோர் சான்றிதழ் கோரலாம். பழங்குடியினருக்கு அந்த நாள் 1950 செப்டம்பர் 6. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 1967 அக்டோபர் 13. ஆகவே பாட்டனாரின் பழைய பள்ளிப் பதிவையும், நகராட்சி ரசீதையும், வேலைச் சீட்டையும் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். பேரனின் கல்லூரி இடம் அந்த மஞ்சள் பூத்த காகிதத்தில் இருக்கக்கூடும். சான்றிதழ் கிடைத்த பின்னரும், அது செல்லும் என்று சரிபார்ப்புக் குழு தரும் மற்றோர் ஆவணம் தேவைப்படும். இதற்கு மாதங்கள் ஆகலாமாதலால், தேர்வு முடிவு வந்த பிறகு தொடங்குவது காலங்கடந்த முயற்சி.

இனி, எல்லை நமக்குக் கொடுப்பது என்ன என்று பார்ப்போம். அரசியற்சாசனத்தின் 30-ஆம் பிரிவு, மதத்தாலும் மொழியாலும் சிறுபான்மையரானவர்கள் தங்கள் விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவி நடத்த உரிமை தருகிறது. யார் சிறுபான்மையர் என்பதை மாநிலத்தை அலகாகக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்று 2002-இல் பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு கூறியது. திருநெல்வேலியில் தமிழ் பேசுவோன் பெரும்பான்மையன். அவனே ஐரோலியில் மொழிச் சிறுபான்மையன். ஆகவே மாநில எல்லையில் ஓர் உரிமை அற்றுப்போகிறது. அதே எல்லையில் வேறோர் உரிமை தளிர்விடுகிறது.

1932-இல் மாதுங்காவில் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் இவ்வுரிமையின் பயனை நமக்குக் காட்டுகிறது. அச்சங்கம் 1960-இல் சயானில் தொடங்கிய கல்லூரி, தமிழ் மொழிச் சிறுபான்மைக் கல்லூரி. அங்கே தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களுக்கெனத் தனிப் பங்கு இடங்கள் உண்டு. இதில் ஜாதிக் கேள்வி எழுவதில்லை. பிள்ளையின் தாய்மொழி தமிழா என்பதே கேள்வி.

அதை நிரூபிப்பது எது? "எல்.சி." என்று நாம் சொல்லும் பள்ளி விடுகைச் சான்றிதழ். மகாராஷ்டிரப் பள்ளிகள் தரும் அச்சான்றிதழில் தாய்மொழிக்கென்று ஒரு கட்டம் உண்டு. பிள்ளையை ஆங்கிலப் பள்ளியிற் சேர்க்கும்போது, அவசரத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவோரும், வேறு மொழியின் பெயரை எழுதிவிடுவோரும் உண்டு. ஒரு சொல்தானே என்று தோன்றும். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்த ஒரு சொல்லே கதவைத் திறக்கும், அல்லது மூடும். பிள்ளை பள்ளியிற் படிக்கும்போதே திருத்திக்கொள்வது எளிது. பள்ளியை விட்டபின் அரிது.

இங்குள்ள கதவைத் தவிர வேறிரண்டும் உண்டு. மத்திய அரசின் கல்வி நிலையங்களில், தமிழ்நாட்டுப் பட்டியலிலுள்ள தாழ்த்தப்பட்ட மாணவன் மும்பையில் வாழ்ந்தாலும் தன் சலுகையை இழப்பதில்லை. பல மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டப் படிப்புக்கு 2022 முதல் நாடு தழுவிய பொது நுழைவுத் தேர்வு நடக்கிறது. இன்னொன்று சொந்த ஊர்க் கதவு. வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளை, வட்டாட்சியர் வழங்கும் பிறப்பிடச் சான்றிதழைக் கொண்டு அங்குள்ள பொறியியற் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாம். ஊரில் வாங்கிய ஜாதிச் சான்றிதழ் அங்கே பயன்படும்.

விண்ணப்பம் எழுதும் முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மும்பைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகளில் முதலாண்டு சேர, முதலிற் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுப் படிவத்தோடு விரும்பும் கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் நம்பிக்கை வைத்திருத்தல் தகாது. கல்லூரிகள் தகுதிப் பட்டியல்களை அடுத்தடுத்து வெளியிடும். பட்டியலிற் பெயர் வந்தபின் குறித்த நாளுக்குள் கட்டணம் செலுத்தாவிட்டால் இடம் மற்றொருவருக்குப் போய்விடும். எனவே பட்டியல் வரும் நாட்களில் பிள்ளையை ஊருக்கு அனுப்பாதீர்கள். கட்டணப் பணத்தைக் கையில் வைத்திருங்கள்.

சான்றிதழ் கோரும் அலுவலகமும் இருப்பிடத்தைப் பொறுத்தது. தாராவியும் மாதுங்காவும் மும்பை நகர மாவட்டம். செம்பூர் புறநகர் மாவட்டம். ஐரோலியோ தானே மாவட்டம். வீடு மாறியவர்கள் ரேஷன் அட்டையிலும் ஆதாரிலும் முகவரியை மாற்றிய பின் விண்ணப்பித்தால் அலைச்சல் குறையும்.

பெற்றோர்களே! பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே இந்த ஆவணங்களை ஒரு நாள் மாலை எடுத்து விரித்துப் பாருங்கள். பெயர் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்கிறதா, தாய்மொழிக் கட்டத்தில் தமிழ் என்று இருக்கிறதா என்று நோக்குங்கள். மதிப்பெண் வாங்குவது பிள்ளையின் கடமை. அந்த மதிப்பெண் ஒரு காகிதக் குறையால் வீணாகாமற் காப்பது நம் கடமை.