பேழையிலே பட்டாடை, பெயரில்லா நெசவாளி



அகமதாபாத் நகரிலே, ஷாகிபாக் பகுதியிலே, மரங்கள் சூழ்ந்த மாளிகை ஒன்று. அங்கே கொலு வீற்றிருப்பது மன்னரல்ல, துணி! காலிகோ துணி அருங்காட்சியகம் என்பது அதன் பெயர். 1949ஆம் ஆண்டிலே கௌதம் சாராபாய், கீரா சாராபாய் எனும் உடன்பிறந்தார் தோற்றுவித்தனர். பண்டித நேரு திறந்து வைத்தார். இப்படி ஒரு நிலையம் வேண்டுமென்று எண்ணத்தை விதைத்தவர் யார் தெரியுமா? ஈழத் தமிழர் சர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர், கலைப் பேரறிஞர் ஆனந்த குமாரசுவாமி. விதை மரமானதைக் காணாமல் 1947இலேயே கண்மூடிவிட்டார் அவர்.

உள்ளே சென்று பாட்டன் நகரத்துப் பட்டோலாவைப் பாருங்கள். பாவு நூல், ஊடை நூல் இரண்டையும் தறியிலே ஏற்றுமுன்பே, கணக்குப் பார்த்து முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயத்திலே தோய்ப்பர். தறியிலே இரண்டும் சந்திக்கும்போது யானையும் கிளியும் இம்மியும் பிசகாமல் பிறக்க வேண்டும். ஒரு சேலைக்கு மாதக் கணக்கிலே உழைப்பு! இந்தக் கணக்கைக் கற்றுத் தந்திருந்தால், நான் கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்திருக்கமாட்டேன்.

அடுத்து, நமது சோழமண்டலக் கரையின் பூந்துணி. சாயவேரும் கடுக்காயும் படிகாரமும் சேர்ந்து செய்த சித்து அது. சீமாட்டிகள் சொக்கினர், சீமை நெசவாளர் சீறினர். 1719இலே இலண்டன் தெருக்களிலே அத்தகைய துணி உடுத்திய பெண்களை மறித்து ஆடையைக் கிழித்தனர். பிரெஞ்சு அரசு 1686இலேயே தடை விதித்திருந்தது. ஆங்கில நாடாளுமன்றம் 1721இலே சட்டம் போட்டது. தன் தறியைக் காக்கச் சட்டம் தீட்டியவன்தான், நம்மை ஆண்டபோது ஆலைத் துணியைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து கொட்டினான்!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். காலிகோ என்ற சொல் நமது கள்ளிக்கோட்டையின் பெயரிலே பிறந்தது. அப்பெயர் தாங்கிய ஆலையின் செல்வமே இக்காட்சிச்சாலையை எழுப்பியது. கை நெய்ததைக் காக்க, விசை நெய்தது பொருள் தந்தது! அந்த ஆலையோ 1990களிலே மூடப்பட்டது. நாடகத்திலே இப்படி ஒரு திருப்பத்தை நான் எழுதினால், நம்பும்படி இல்லை என்பீர்கள். பழந்துணி பத்திரமாக இருக்கிறது. ஆலைத் தொழிலாளி வீதிக்கு வந்தான்.

அந்தத் துணிகளுக்கு ஊர் தெரிகிறது, நூற்றாண்டு தெரிகிறது. நெய்தவன் பெயர் தெரிவதில்லை. காட்சிச்சாலையின் குற்றமன்று அது. அவன் வாழ்ந்த நாளிலே அதை எழுதிவைக்க எவரும் எண்ணவில்லை.

போகட்டும், மறைந்தவன் கதை அது. இருப்பவன் கதை? 2019-20 கணக்கெடுப்பின்படி நாட்டிலே கைத்தறித் தொழிலாளர் 35 இலட்சம். பத்தாண்டுகளுக்கு முன்னர் 43 இலட்சம். நெசவாளர் குடும்பங்களிலே பாதிக்கு மேல், மாதம் 5,000 ரூபாயை எட்டிப் பிடிக்கவில்லை. கைத்தறிக்கென்றே 22 வகைத் துணிகளை ஒதுக்க 1985இலே சட்டம் வந்தது. பின்னர் அது 11 ஆகச் சுருங்கிற்று. 2020இலே அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையே கலைத்துவிட்டனர்!

தீபாவளிக்குத் துணி எடுக்கக் கடையேறுவீர்களல்லவா, தோழர்களே? கைத்தறிச் சேலையென்று எடுத்து நீட்டுவார் கடைக்காரர். விலையைக் கேட்குமுன், நெய்தவர் யார், அவருக்குக் கிடைத்த கூலி எவ்வளவு என்று கேளுங்கள். அவர் விழிப்பார். விழிக்கட்டும்; அடுத்த கடையிலும் கேளுங்கள்.