வயிற்றினுள் மறைந்திருக்கும் ஆபத்து
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



அடியேன் வைத்தியன் அல்லன், ரயில்வேக் குமாஸ்தா. ஆயினும் சென்ற ஆண்டு என் மூத்த தமையனாருக்கு நேர்ந்ததைக் கூறுதல் என் கடமை என்று கருதுகிறேன். பித்தப்பையில் கல் இருக்குமோ என்று ஐயுற்று அவர் வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். கல் இல்லை, ஆனால் வயிற்றின் பெருந்தமனி 4.2 சென்டிமீட்டர் அகலத்திற்கு வீங்கியிருந்தது.

இருதயத்தினின்று இறங்கும் அந்த இரத்தக் குழாய் வயிற்றுப் பகுதியில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் அகலமே இருத்தல் இயல்பு. சுவர் நலிந்து 3 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ விரிந்தால் ‘அனூரிசம்’ என்கின்றனர். பெரும்பாலும் அது வலி தருவதில்லை. வெடித்துவிட்டாலோ, ஆஸ்பத்திரியை அடையுமுன்பே பலர் உயிர் துறக்கின்றனர். புகை பிடிப்போருக்கும், 65 வயது கடந்த ஆடவருக்கும், இந்நோய் கண்ட குடும்பத்தாருக்கும் அபாயம் மிகுதி.

விஞ்ஞானி ஐன்ஸ்டீனுக்கு வந்ததும் இதுவே. 1948-இல் டாக்டர் ருடால்ஃப் நிஸ்ஸன் அவ்வீக்கத்தைச் செலோஃபேன் தாளால் சுற்றினார். 1955 ஏப்ரலில் அது வெடித்தது. மீண்டும் ஆபரேஷன் வேண்டாமென மறுத்த அப்பெரியார் 76-ஆம் வயதில் மறைந்தார். இதனிடையே, 1951-இல் பாரிஸில் சார்ல் டூபோஸ்ட் பழுதுற்ற பகுதியை நீக்கி, மாற்றுக் குழாய் பொருத்தி வெற்றி கண்டிருந்தார். 1990-இல் ஆர்ஜென்டினாவில் ஹுவான் பரோடி, வயிற்றைத் திறவாமல், தொடைத் தமனி வழியே உட்குழாயைச் செலுத்தும் முறையைத் தொடங்கினார்.

எல்லோருக்கும் உடனே ஆபரேஷன் தேவையில்லை. ஆடவருக்குப் பொதுவாக 5.5 சென்டிமீட்டரை எட்டினாலோ, வீக்கம் விரைவாக வளர்ந்தாலோ செய்வர். அதுவரை குறித்த காலந்தோறும் ஸ்கேன். இரத்த அழுத்தத்திற்கு மருந்து. புகையை அடியோடு விடுதல். தமையனார் நாற்பதாண்டுப் பீடியை ஒரே நாளில் விட்டார். திடீரென வயிற்றிலோ முதுகிலோ கடும் வலியும் மயக்கமும் கண்டால், வாயு என்றெண்ணிக் கஷாயம் காய்ச்சிக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு விரைதல் வேண்டும் என்று வைத்தியர் எச்சரித்தார்.

அன்பர்களே! தண்டவாளத்தினுள் மறைந்த விரிசலை நம் இலாகா செவிக்கெட்டாத ஒலியலை கொண்டு சோதிப்பதை நீங்கள் அறிவீர்கள். வயிற்று ஸ்கேனும் அவ்வகை ஒலியலையே. ஊசியில்லை, வலியில்லை, சில நிமிஷங்களே.

எனக்கு வயது 47. ஐம்பதில் வந்து காட்டிக்கொள்ளும்படி வைத்தியர் கூறியிருக்கிறார். நைட் டியூட்டியில் பழகிய சிகரெட்டை நானும் விட்டு ஐந்து மாதங்களாகின்றன. நம் காலனிப் பெரியவர்களும் தத்தம் வைத்தியரிடம் இதுபற்றி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டுமென வேண்டி அமர்கிறேன்.