கோபால்ட்டின் வேகக் கணக்கு



நிலக்கரி மிகுந்தும் பெட்ரோலியம் அருகியும் இருந்த நாடு ஜெர்மனி. அந்நாட்டு மூல்ஹைம் நகரின் நிலக்கரி ஆராய்ச்சி நிலையத்தில், பிரான்ஸ் பிஷர், ஹான்ஸ் டிராப்ஷ் என்னும் இருவர் 1920களின் நடுவில் ஒரு வழி கண்டனர். செஞ்சூடேறிய கற்கரியின்மீது நீராவியைச் செலுத்தினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும். அவ்வாயுக்களைத் தக்க கிரியா ஊக்கியின்மீது செலுத்தினால் திரவ எரிபொருள் பிறக்கும். 1936 இல் இம்முறை தொழிலாயிற்று. அவ்வாலைகளில் ஊக்கியாக நின்றது கோபால்ட் என்னும் உலோகம்.

இவ்வினை எவ்வளவு வேகமாக நிகழும்? இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியன்று. ஒரு மோல் கார்பன் மோனாக்சைடு மாறும்போது ஏறத்தாழ 165 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. வெப்பம் ஏறினால் வேகம் ஏறும். வேகம் ஏறினால் வெப்பம் மேலும் ஏறும். இச்சுழலை அடக்காவிடில் திரவ எரிபொருள் குறைந்து மீத்தேன் வாயுவே பெருகும்; ஊக்கியும் கெடும். ஆகவே, வேகத்தை முன்னறிந்தே ஆலையின் குளிர்விக்கும் குழாய்களைத் திட்டமிட வேண்டும்.

வாயு மிகுந்தால் வேகமும் மிகும் என்று நாம் நினைப்போம். ஹைட்ரஜனைப் பொறுத்தவரை அது மெய். கார்பன் மோனாக்சைடோ வேறு இயல்புடையது. ஒரு பந்தியை எண்ணிப் பாருங்கள். இரு வீட்டாரும் அடுத்தடுத்து அமர வேண்டிய இடத்தில், ஒரு வீட்டாரே எல்லா இலைகளையும் பிடித்துக்கொண்டால் மற்றவர் எங்கே அமர்வர்? கோபால்ட்டின் பரப்பில் கார்பன் மோனாக்சைடு அவ்வாறே இறுகப் பற்றி, ஹைட்ரஜனுக்கு இடமில்லாமற் செய்துவிடுகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த யேட்ஸ், சாட்டர்பீல்ட் என்போர் 1991 இல் இதற்கொரு சமன்பாடு தந்தனர். இரு வாயுக்களின் பகுதி அழுத்தங்களையும் ஒரு மாறிலியையும் பெருக்குக, அது தொகுதி. கார்பன் மோனாக்சைடின் அழுத்தத்தை மற்றொரு மாறிலியால் பெருக்கி, ஒன்றைக் கூட்டி வர்க்கமாக்குக, அது பகுதி. ஈவே வினையின் வேகம்.

மாணவர்களே, கணக்கிட்டுப் பாருங்கள். ஹைட்ரஜன் மாறாதிருக்கட்டும். கார்பன் மோனாக்சைடின் அழுத்தத்தை மாறிலியால் பெருக்கி வரும் தொகையை எக்ஸ் என்போம். எக்ஸ் கால் எனில், எக்ஸை ஒன்றும் எக்ஸும் கூடியதன் வர்க்கத்தால் வகுக்கக் கிடைப்பது 0.16. எக்ஸ் ஒன்றெனில் 0.25. எக்ஸ் நான்கெனில் மீண்டும் 0.16! வாயுவைப் பதினாறு மடங்கு கூட்டியும் வேகம் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது.

இதன் மறுபுறத்தையும் காண்க. உலையினுள் கார்பன் மோனாக்சைடு செலவாகக் குறையும்போது, வினை தணியும் என்று இருந்துவிடலாகாது. ஹைட்ரஜன் மிகுதியாக இருப்பின் வேகம் ஏறவும் கூடும், மீத்தேனும் மிகும். உள்ளுணர்வு ஏமாற்றும் இடத்தில் சமன்பாடு எச்சரிக்கிறது.

ஆயினும் அச்சமன்பாட்டுக்கும் எல்லை உண்டு. அதன் மாறிலிகள் 220 முதல் 240 பாகை செல்சியஸ் வரை அளந்து பெறப்பட்டவை. அளக்காத இடத்திலும் அதனை நம்புவது, ஆழமறியாது ஆற்றில் இறங்குவதை ஒக்கும். அளந்த அளவே சொல்லுதல் அறிவியலின் நாணயம்.