சராசரியும் சிதறலும்



1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ஊன்றப்பட்ட இரப்பர்க் கன்றுகள் பேராக்கின் நிலத்தையும் நம் முன்னோர் வாழ்வையும் மாற்றின. தோட்டத்தில் பால்மரம் வெட்டியோரின் உழைப்பு நிறுக்கப்பட்டது, எண்ணாக எழுதப்பட்டது. ஆகவே புள்ளியியலை விளக்க ஈப்போவில் வேற்றூர் எடுத்துக்காட்டைத் தேட வேண்டுவதில்லை.

இருவர் ஐந்து நாள்களில் கொணர்ந்த பாலின் நிறையைக் கிலோவில் இவ்வாறு கொள்வோம். முதலாமவர்: 18, 19, 20, 21, 22. இரண்டாமவர்: 5, 10, 20, 30, 35. இருவர்க்கும் சராசரி 20. இடைநிலை அளவும் 20. நிறைக்கேற்பக் கூலி எனில், இருவர் வீட்டு அடுப்பும் ஒன்றுபோல் எரியுமா? 5 கிலோ கொணர்ந்த நாளில் இரண்டாமவர் கடைக்காரரிடம் கடன் சொல்ல நேரும். அந்த நாளைச் சராசரி மறைத்துவிடுகிறது. அதனைக் காட்டுவனவே சிதறல் அளவைகள்.

பேரெண்ணிலிருந்து சிற்றெண்ணைக் கழித்தால் கிடைப்பது வீச்சு. இங்கு அது முறையே 4, 30. வீச்சு இரு முனைகளை மட்டுமே காணும். எல்லா நாள்களையும் கருதவேண்டின், சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் விலகும் அளவைக் காண்கிறோம். அவ்விலகல்களை அப்படியே கூட்டினால் மிகுதியும் குறைவும் ஈடாகிச் சுழியே எஞ்சும். எனவே ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திச் சராசரி எடுக்கிறோம்: 2, 130. இவற்றின் வர்க்கமூலம் நம்மை மீண்டும் கிலோவுக்கே அழைத்து வருகிறது: ஏறத்தாழ 1.4, 11.4. இதனைத் தமிழகப் பாடநூல்கள் திட்ட விலக்கம் என்றும், இலங்கைப் பாடநூல்கள் நியம விலகல் என்றும் வழங்குகின்றன. சொல் இரண்டாயினும் பொருள் ஒன்றே.

இக்கணக்கு வகுப்பறைக்கும் உரியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தபின் மாணவர் குறைந்த தமிழ்ப்பள்ளிகள் பல. ஐவர் மட்டுமே பயிலும் வகுப்பில் ஒருவர் 50 புள்ளி குறைவாகப் பெற்றால், வகுப்பின் சராசரி 10 புள்ளி சரியும். ஐம்பதின்மர் வகுப்பிலோ 1 புள்ளியே சரியும். ஆதலின் ஓராண்டுச் சராசரி ஒன்றையே கொண்டு சிறு பள்ளியைப் புகழ்வதும் பழிப்பதும் முறையன்று.

ஆசிரியர்களே, மதிப்பெண் பட்டியலில் சராசரிக்கு அருகே திட்ட விலக்கத்தையும் எழுதுங்கள். அது பெரிதாயின், யார் பின்தங்கினர் எனப் பெயர் பெயராகப் பாருங்கள். நல்ல சராசரி கொண்ட வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாத குழந்தை ஒன்று இருக்கலாம்.