பெல் கர்வுக்குள் ஒளிந்திருக்கும் சாதி

(ஐ.டி. ஊழியர்களும் ஆய்வு மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐ.டி. ஊழியர்கள் இரண்டு பேர் டீக்கடையில் சந்தித்தால் மேனேஜரைத் திட்டாமல் பிரிவதில்லை. அப்ரைசல், பெஞ்ச், ஆன்சைட், நோட்டீஸ் பீரியட் என்று எதில் தொடங்கினாலும் பேச்சு மேனேஜரிடம்தான் போய் முடியும். மேலாண்மைப் படிப்பில் இதற்குப் ‘பணித் திருப்தியின்மை’ என்று பெயர். ஆண்டுக்கு ஒருமுறை படிவம் அனுப்பி, உங்கள் மேலாளருக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று நிறுவனமே கேட்கும். அந்தப் படிவத்தில் சாதி பற்றி ஒரு கேள்வியும் இருக்காது. விடுபட்ட அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பணித் திருப்தி பற்றிப் படிக்கிற யாரும் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க்கைத் தாண்டிப் போக முடியாது. அமெரிக்க உளவியலாளரான இவர், பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு, சக ஆய்வாளர்களோடு 1959இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் சொன்னதன் சாரம் இதுதான். சம்பளம், பணிச்சூழல், மேற்பார்வை இவையெல்லாம் மோசமாக இருந்தால் எரிச்சல் வரும். சரியாக இருந்தால் எரிச்சல் குறையும், அவ்வளவுதான். மனநிறைவைத் தருபவை வேறு: செய்து முடித்தோம் என்ற உணர்வு, அதற்குக் கிடைக்கும் அங்கீகாரம், பொறுப்பு, முன்னேற்றம்.

இதை ஓ.எம்.ஆர். சாலைக் கட்டடங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். ஏ.சி. இருக்கிறது, கேப் வருகிறது, ஃபுட் கோர்ட் இருக்கிறது. ஆனால் அங்கீகாரமும் பொறுப்பும் முன்னேற்றமும் யார் கையில் இருக்கின்றன? முக்கியமான மாட்யூலை யாருக்குத் தருவது, கிளையன்ட் காலில் யாரைப் பேச வைப்பது, விசாவுக்கு யார் பெயரை அனுப்புவது என்பதையெல்லாம் மேனேஜர் முடிவு செய்கிறார். இதற்குத் தேர்வு கிடையாது, தரவரிசைப் பட்டியல் கிடையாது. அவருடைய மதிப்பீடுதான். தனிமனிதரின் மதிப்பீட்டுக்கு எங்கெல்லாம் இவ்வளவு இடம் இருக்கிறதோ, அங்கெல்லாம் இந்தச் சமூகத்தில் சாதி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பெல் கர்வ் எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்துப் பேர் கொண்ட டீமில் பத்துப் பேரும் நன்றாக உழைத்தாலும் யாராவது ஒருவரைக் கடைசியில் வைத்தாக வேண்டும். இந்தக் கட்டாயத் தரவரிசையை மைக்ரோசாஃப்ட் 2013இல் கைவிட்டது. பெயரை மாற்றிக்கொண்டு பல இடங்களில் அது இன்னும் தொடர்கிறது. ரேட்டிங்கை இறுதி செய்யும் கூட்டத்தில் மேனேஜர்கள் ஆளுக்கொருவருக்காக வாதாடுவார்கள். ஊழியர் அந்த அறையில் இருப்பதில்லை. தனக்காகப் பேச அங்கே ஒரு ஆள் இருக்கிறாரா என்பதே அவருடைய ரேட்டிங்கைத் தீர்மானிக்கிறது. ‘நம்ம பையன்’ என்ற சொல்லுக்கு அந்த அறையில் என்ன எடை என்று யோசித்துப் பாருங்கள்.

ஆள் இல்லாதவருக்குக் கிடைக்கும் காரணங்களும் பழகிப்போனவை. ‘கம்யூனிகேஷன் போதாது’, ‘ஆட்டிட்யூட் சரியில்லை’, ‘இன்னும் புரோஆக்டிவாக இருக்கலாம்’. எழுதிய கோடில் எத்தனை பிழை என்று எண்ணிவிடலாம். ஆட்டிட்யூடை எதைக் கொண்டு அளப்பது? கம்யூனிகேஷன் என்று இவர்கள் சொல்வதில் பாதி, எந்த வீட்டில் பிறந்தாய், எந்தப் பள்ளியில் படித்தாய் என்பதுதான்.

இது வெறும் சந்தேகம் இல்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் ஒரே மாதிரியான தகுதியுள்ள விண்ணப்பங்களை, பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித் என்று தெரியும் பெயர்களுக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. 2007இல் இந்த ஆய்வு வெளிவந்தது. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் எச்.ஆர். மேலாளர்களைப் பேட்டி கண்டு எழுதினார்கள். நாங்கள் மெரிட்டை மட்டுமே பார்க்கிறோம் என்று சொன்ன மேலாளர்கள், விண்ணப்பதாரரின் குடும்பப் பின்னணியைத் தெரிந்துகொள்வது அவசியம் என்றும் சொன்னார்கள். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்ற கேள்வியில் சாதி என்ற சொல் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. ஆனால் பதிலில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை. அது பெரியார் இயக்கம் பெற்றுத் தந்த விடுதலை. அதனால் இங்கே விசாரணை சுற்றுவழியில் நடக்கும். சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், வீட்டில் என்ன கறி சமைப்பீர்கள், குலதெய்வம் எது. பாராட்டுவது போல முதுகில் தட்டிப் பூணூல் இருக்கிறதா என்று பார்ப்பதைக் கடல் கடந்து போன நம் ஆட்களே சொல்லியிருக்கிறார்கள்.

அமெரிக்காவிலும் இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2020 ஜூன் மாதம் கலிஃபோர்னியா மாநிலத்தின் உரிமைத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. தலித் பொறியாளர் ஒருவர் ஐ.ஐ.டி.யில் இடஒதுக்கீட்டில் படித்தவர் என்பதை மேலாளர் சக ஊழியர்களிடம் சொன்னார், அவர் புகார் செய்தபின் பொறுப்புகள் பறிக்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் இதை மறுத்தது. மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை 2023 ஏப்ரலில் அந்தத் துறையே திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் மீதான வழக்கை அப்போது விலக்கிக்கொள்ளவில்லை. அதே 2023இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவில் ஆளுநர் நியூசம் கையெழுத்திட மறுத்துவிட்டார். சண்டை முடியவில்லை. ஆனால் சாதி ஒரு பணியிடப் பிரச்சினை என்பது அங்கே பேசுபொருளாகிவிட்டது. நம் ஊர் எச்.ஆர். துறைக்கு இன்னும் அந்தச் சொல்லே வாயில் வரவில்லை.

‘என் மேனேஜர் எல்லோரையும்தான் டார்ச்சர் செய்கிறார், இதில் சாதி எங்கே வந்தது?’ என்று சில தோழர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மோசமான ரேட்டிங் யாருக்கும் வலிக்கும். ஆனால் ‘மேனேஜர் அநியாயம் செய்கிறார்’ என்று நீங்கள் டீக்கடையில் சத்தமாகச் சொல்லிவிடலாம். ‘சாதியால்தான் செய்கிறார்’ என்று சொல்ல ஒரு தலித் பொறியாளர் முதலில் தன் சாதியை அந்தத் தளம் முழுவதற்கும் அறிவிக்க வேண்டும். அதன்பிறகு ஆதாரம் கேட்பார்கள். ஆதாரமோ அவர் நுழைய முடியாத அந்த அறைக்குள் இருக்கிறது. கடைசியில், உண்மையிலேயே நமக்குத் திறமை போதவில்லையோ என்று தன்னையே சந்தேகிக்கத் தொடங்குகிறார். நான் பேசிய பொறியாளர்களில் சிலரை அந்த ரேட்டிங்கைவிட இந்தச் சந்தேகம்தான் அதிகம் தின்றிருக்கிறது.

‘பிடிக்கவில்லையா, பேப்பர் போட்டுவிட்டு வேறு கம்பெனிக்குப் போ’ என்பது இந்தத் துறையின் வேதவாக்கு. கல்விக் கடன் கட்டிக்கொண்டு, ஊரில் முதல் காங்கிரீட் வீட்டை எழுப்பிக்கொண்டிருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது அவ்வளவு எளிதல்ல. அடுத்த வேலைக்கான கதவோ பல இடங்களில் ரெஃபரல் வழியாகத் திறக்கிறது. தெரிந்தவரைக் கொண்டுவந்தால் நிறுவனம் பணமும் தருகிறது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்தவர்கள் யார்? பெரும்பாலும் அவர்களுடைய அக்ரகாரமும் ஊர்த்தெருவும்தான். சேரி அந்தப் பட்டியலில் வருவது அபூர்வம்.

சட்டம் என்ன தருகிறது? பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சாதிக்கு அப்படியொரு குழு கட்டாயமில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, ஆனால் குறைத்துப் போடப்பட்ட ரேட்டிங்கைக் காவல் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அரசியல் சட்டத்தின் 16(4) பிரிவு தரும் இடஒதுக்கீடு அரசுப் பணிகளோடு நின்றுவிடுகிறது.

மிச்சம் இருப்பது கூட்டாகக் குரல் கொடுப்பது. 2014 இறுதியில் டி.சி.எஸ். ஆட்குறைப்பு நடந்தபோது, கர்ப்பிணியான ஊழியர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. இந்த உரிமையும் தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்றதுதான்.

ஆனால் சங்கத்துக்குள்ளும் சாதியைப் பேசியாக வேண்டும். 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வே தொழிலாளர்கள் மாநாட்டில் பேசிய அண்ணல் அம்பேத்கர், பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளர்களின் இரு எதிரிகள் என்றார். பம்பாய் பஞ்சாலைகளில் அறுந்த நூலை எச்சில் தொட்டு இணைக்க வேண்டும் என்பதால், கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோரைச் சக தொழிலாளர்களே சேர்க்க மறுத்தார்கள். இன்று நூல் இல்லை, எச்சில் இல்லை. ஆனால் நல்ல புராஜெக்ட் யாருக்கு, நைட் ஷிப்ட் சப்போர்ட் யாருக்கு என்று பிரிக்கும்போது சங்கம் கேள்வி கேட்க வேண்டும்.

நம் கோரிக்கைகள் எளிமையானவை. நிறுவன நடத்தை விதிகளில் சாதி என்ற சொல் இடம்பெற வேண்டும். ஆப்பிள் நிறுவனம் 2020இலேயே சேர்த்திருக்கிறது. சாதிப் புகார்களுக்கு வெளி உறுப்பினர் கொண்ட குழு வேண்டும். ரேட்டிங் குறைத்தால் காரணத்தை அளக்கக்கூடிய வகையில் எழுதித் தர வேண்டும். எந்தப் பதவியில் எந்தச் சமூகத்தார் எத்தனை பேர் என்று நிறுவனங்கள் வெளியிட வேண்டும். தனியார் துறை இடஒதுக்கீடு சட்டமாக வேண்டும்.

அடுத்தமுறை டீக்கடையில் மேனேஜரைத் திட்டும்போது, உங்கள் டீமில் எதுவும் பேசாமல் டீயைக் குடித்துக்கொண்டிருப்பவர் யார் என்று பாருங்கள். அவர் பேசுவதற்கு ஒரு சங்கம் தேவைப்படுகிறது. அதை அமைக்க வேண்டியது நம் பொறுப்பு.