முள்ளைக் கையாகக் கொண்ட பறவை

விஸ்வநத்தத்தில் பட்டாசுத் தொழிற்சாலைகளின் மதிற்சுவர்கள் முடியுமிடத்திற்கு அப்பால், கரிசற் புன்செயும் உடைமரங்களும் சிறிது எஞ்சியிருக்கின்றன. அங்கே பருத்தி பயிரிடும் பெரியவர் ஒருவர், ஒரு நாட்காலை என்னை அழைத்துத் தம் வேலியைக் காட்டினார். உடைமுள்ளில் சிறு ஓணான் ஒன்றும், அதனருகே வெட்டுக்கிளிகள் இரண்டும் குத்தப்பெற்றுத் தொங்கின.

“யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள், தம்பி. மரத்தை வெட்டிவிடப் போகிறேன்” என்றார். கையில் அரிவாள் இருந்தது.

“சற்றுப் பொறுங்கள், ஐயா” என்று கூறி, அவரை வரப்பில் அமரச் செய்தேன்.

சிறிது நேரத்தில் மரவுச்சியிலிருந்து மெல்லிய பாட்டொன்று எழுந்தது. இடையிடையே பிற பறவைகளின் குரலும் அதிற் கலந்து வந்தது. பாடியது கீச்சான். சிட்டுக்குருவியினும் சற்றே பெரியது, சாம்பல் நிறத் தலை, கருஞ்சிவப்பு முதுகு, பறக்கும்போது சிறகில் தோன்றும் வெண்திட்டு. நீண்ட வாலுடைய கீச்சான் ஒன்றும், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பழுப்புக் கீச்சானும் இதன் உறவினர். கண்வழியே செல்லும் கறுப்புப் பட்டையும், நுனி வளைந்த தடித்த அலகும் மூன்றுக்கும் பொது அடையாளங்கள்.

1758ஆம் ஆண்டு லின்னேயஸ் இவ்வினத்திற்கு ‘லானியஸ்’ என்று பெயரிட்டார். லத்தீன் மொழியில் அதற்குக் கசாப்புக்காரன் என்று பொருள். பெயர் பொருத்தமானதே, ஆயினும் கொடியவன் என்று கருதுவது பொருந்தாது. பருந்துக்கு வல்லுகிர் உண்டு. இரையை மிதித்துக்கொண்டு கிழிக்கும். கீச்சானுக்கோ பாடும் பறவைகளுக்குரிய மெலிந்த கால்களே வாய்த்துள்ளன. ஆகவே இரையை முள்ளில் மாட்டி, அலகினாற் பிய்த்து உண்கிறது. மிஞ்சியதை அங்கேயே விட்டுவைத்துப் பின்னர் வந்து தின்னும். பிற பறவைகளின் குஞ்சுகளையும் அது சிலபோது கவர்வதுண்டு. எனினும் பூச்சிகளே அதன் பேருணவு.

நாங்கள் நோக்கியிருக்கையிலேயே பாட்டு நின்றது. கீச்சான் பருத்திச் செடிகளுக்கிடையே பாய்ந்து, வெட்டுக்கிளியொன்றைக் கவ்வி வந்து, அதே முள்ளிற் செருகியது.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “செய்வினையில்லை தம்பி, இது நம் காட்டுக் காவல்” என்று சொல்லி, அரிவாளை இடுப்பிற் செருகிக்கொண்டார்.

நேயர்களே, உங்கள் வேலிமுள்ளிலும் இத்தகைய காட்சியைக் காண நேரிடலாம். அரிவாளை எடுக்குமுன், மரத்தின் உச்சியை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.