ஓட்டைத் தொட்டி சொல்லும் பருவநிலைப் பாடம்

விருத்தாசலம் என்றதும் விருத்தகிரீஸ்வரர் கோயில் நினைவுக்கு வரும், அடுத்து, பீங்கான். அகல் விளக்கு, பொம்மை என்று களிமண்ணோடு புழங்கும் ஊர். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புவி வெப்பமாவதைச் சொல்லித்தரக் கணினி எதற்கு? அடியில் ஓட்டையுள்ள, கொஞ்சம் உயரமான பூந்தொட்டி ஒன்று போதும்.

மண்தொட்டி என்றால் முதலில் ஊறவைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் பாதித் தண்ணீரைத் தொட்டியே குடித்துவிடும். உள்ளே ஓர் அளவுகோலை நிறுத்தி, குழாயைச் சீராகத் திறந்துவிடுங்கள். மட்டம் ஏற ஏற, ஓட்டை வழியே பாய்கிற வேகமும் கூடும். வரவும் செலவும் சமமானதும் மட்டம் நின்றுவிடும். 4 சென்டிமீட்டரில் நின்றது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஓட்டையில் பாதியைக் களிமண்ணால் அடைக்கச் சொல்லுங்கள். குழாயைத் தொடக்கூடாது. மட்டம் எதுவரை ஏறும்? வகுப்பே 8 என்று கத்தும். தண்ணீரோ 16-ஐ நெருங்கித்தான் நிற்கும்!

குழாய்த் தண்ணீர்தான் வெயில். மட்டம், பூமியின் வெப்பநிலை. ஓட்டை, வெப்பம் விண்வெளிக்குத் தப்பும் வழி. அதை அடைக்கும் களிமண், கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள். அடைப்பே கெட்டது என்று சொல்லிவிடாதீர்கள். அது அறவே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி. இருப்பதால்தான் 15 டிகிரி. சிக்கல், அடைப்பு கூடிக்கொண்டே போவதில். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் 10 லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் பிள்ளைக்குப் பக்கத்து நெய்வேலியின் புகைபோக்கிகளைக் காட்டலாம்.

தொட்டி எங்கே பொய் சொல்கிறது என்பதையும் ஆசிரியர் மறைக்கக்கூடாது. தண்ணீர் நான்கு மடங்கு ஏறியதால் பூமியின் சூடும் நான்கு மடங்காகிவிடாது. பூமி வெப்பத்தை வெளிவிடும் கணக்கே வேறு. மேகம், கடல், பனி எதுவும் தொட்டியில் இல்லை. அதற்காக எளிய மாதிரி என்று இளக்காரமும் வேண்டாம். சுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967-இல் வளிமண்டலம் முழுவதையும் ஒற்றைக் காற்றுத் தூணாக்கிக் கணக்குப் போட்டார்கள். கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் வெப்பநிலை சுமார் 2.3 டிகிரி உயரும் என்று விடை வந்தது. பருவநிலை மாதிரிகளுக்காக 2021-இல் மனாபேக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

கடலூர் மாவட்டப் பிள்ளைகள் இன்னொன்றும் கேட்பார்கள்: “அப்படின்னா ‘தானே’ புயலும் இதனாலதானா, சார்?” 2011 டிசம்பர் 30-இல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்த அந்தப் புயலைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பார்கள். ஒரு தனிப் புயலுக்குத் தொட்டியால் பதில் சொல்ல முடியாது என்று நேராகவே சொல்லிவிடலாம். கடல் சூடானால் புயலுக்குத் தீனி கூடும் என்பது உண்மை. அதைக் கணக்கிட வேறு மாதிரி வேண்டும்.

பனியின் கணக்கை மட்டும் அடுத்த வகுப்பிலேயே சேர்த்துவிடலாம். ஒரே அச்சில் வார்த்த இரண்டு பீங்கான் தட்டுகள். ஒன்று வெள்ளை, மற்றதற்குக் கறுப்பு வண்ணம். அரைமணி நேரம் வெயிலில் வைத்துவிட்டு, இரண்டையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பனி உருகி, அடியிலிருக்கும் கரிய கடல் வெளியே தெரிந்தால் துருவத்தில் என்ன ஆகும் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.